தொகையும் இருப்பும்: கோட்டையூரார் அமைத்த கணித மனை

தொகை, வகை, விரி என்னும் மூன்று சொற்களும் தமிழ் கற்றோர்க்குப் புதியன அல்ல. சுந்தரர் அருளிய திருத்தொண்டத் தொகை தொகை நூல். நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி அதன் வகை நூல். சேக்கிழாரின் பெரியபுராணம் விரி நூல் என மரபு உரைக்கும். நுண்கணிதத்தைத் தமிழில் கற்பிக்க முனைந்தோர் இவற்றுள் முதலிரு சொற்களைத் தமக்கென எடுத்துக்கொண்டனர். மாறிச் செல்லும் ஓர் அளவு கணந்தோறும் எவ்வளவு விரைவாக மாறுகின்றது என்று காண்பது வகையிடல். அச்சிறு மாற்றங்களையெல்லாம் திரட்டி மொத்தம் காண்பது தொகையிடல். திரட்டத் தொடங்கும் இடமும் முடிக்கும் இடமும் குறிக்கப்பட்டிருந்தால் அது வரையறுத்த தொகையீடு எனப்படும். வகையும் தொகையும் ஒன்றற்கொன்று எதிர்முகமானவை. ஒன்று கட்டியதை மற்றது பிரிக்கும். இதனைக் கண்டுகொள்ள உலகிற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. அவ்வரலாற்றின் மூன்று கண்ணிகள் சென்னையில் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்ததற்குக் காரணமானவர் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்த ஒருவர். அவர் கணிதப் புலவர் அல்லர். அவரைக் கூறுமுன் கணிதத்தைச் சற்றே விளக்க வேண்டும்.

செட்டிநாட்டார்க்கு இதனை விளக்குதல் எளிது. இரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கிகளில் பெட்டியடிப் பையனாய்ச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாய் உயர்ந்த நகரத்தார் தலைமுறைகளுக்குக் கணக்கேடே பள்ளிக்கூடம். நாள்தோறும் நடந்த வரவும் செலவும் குறிப்பில் ஏறும். பேரேட்டில் இருப்பு எழுதப்படும். காலமுறையில் ஐந்தொகை எடுக்கப்படும். தை முதல் நாளிலிருந்து ஆனி இறுதி நாள் வரை கடைக்கு நிகரமாய் வந்த தொகை எவ்வளவு என்று முதலாளி கேட்கிறார் எனக் கொள்வோம். விடை காண வழி இரண்டு. குறிப்பேட்டைத் திறந்து ஒவ்வொரு நாளின் நிகர வரவையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிவரலாம். அல்லது பேரேட்டைத் திறந்து ஆனி இறுதியின் இருப்பிலிருந்து தை தொடக்கத்தின் இருப்பைக் கழித்துவிடலாம். முதல் வழியில் நூற்றெண்பது கூட்டல். இரண்டாம் வழியில் ஒரே கழித்தல். விடை ஒன்றே.

நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் எனப்படுவது இதுதான். நாள் வரவின் இடத்தில் கணத்துக்குக் கணம் மாறும் ஓர் அளவையும், பேரேட்டின் இருப்பிருக்கும் இடத்தில் அவ்வளவையே தன் மாறுவீதமாகக் கொண்ட வேறொரு சார்பையும் வைத்துக்கொண்டால் போதும். இந்த இரண்டாவது சார்பே எதிர்வகையீடு. அதனைக் கண்டுவிட்டால் வரையறுத்த தொகையீட்டின் மதிப்பு, முடியும் இடத்து இருப்புக்கும் தொடங்கும் இடத்து இருப்புக்கும் உள்ள வேறுபாடே. இடையில் நிகழ்ந்தவை அனைத்தும் அவ்விரு எண்களுக்குள் அடங்கிவிடுகின்றன. கடை தொடங்கியபோது பெட்டியில் பத்து ரூபாய் இருந்ததா, பத்தாயிரம் இருந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை. முன்னிருப்பு எதுவாயினும் கழிக்கும்போது அது நீங்கிவிடும். பாடநூல்களில் எதிர்வகையீட்டின் இறுதியில் சேர்க்கப்படும் மாறிலி, மாணவர் பலருக்கும் மதிப்பெண் இழக்கும் பொறியாக மட்டுமே தெரிகின்றது. உண்மையில் அது பெயர் அறியப்படாத அந்த முன்னிருப்பே.

ஆயினும் உவமை ஓரிடத்தில் நின்றுவிடும். கடையில் பேரேடு முன்பே எழுதப்பட்டுள்ளது. கணிதத்தில் குறிப்பேடு மட்டுமே கையில் தரப்படும். பேரேட்டை ஆராய்பவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாறுவீதம் ஓர் எண்ணின் இருபடியாக இருந்தால், இருப்பு அதன் முப்படியில் மூன்றில் ஒரு பங்கு என்பதைக் காண்பது எளிது. 0 முதல் 1 வரை தொகையிட்டால் விடை மூன்றில் ஒன்று. பரவளைவின் கீழுள்ள பரப்பைக் காண ஆர்க்கிமிடீஸ் பெரும் வடிவியல் நுட்பத்தைச் செலவிட்டார். இன்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒரே வரியில் எழுதும் விடை அது. பரப்பு அறிவதற்கும் தொடுகோடு வரைவதற்கும் தொடர்பு உண்டு என்பதை வடிவியல் உருவில் ஐசக் பாரோ 1670இல் வெளியிட்ட சொற்பொழிவுகளில் காணலாம். நியூட்டன் 1666லேயே அதனைப் பொதுமுறையாக எழுதிவைத்திருந்தார், அச்சிடவில்லை. லைப்னிட்ஸ் 1675 அக்டோபரில் தம் கைக்குறிப்பில் 'கூட்டுத்தொகை' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் முதலெழுத்தை நீட்டி வரைந்து தொகையீட்டுக் குறியாக்கினார். 1684இல் வகையிடலையும் 1686இல் தொகையிடலையும் அச்சில் வெளியிட்டார். யார் முந்தியவர் என்று இருவர் தரப்பாரும் நிகழ்த்திய பூசல் அறிவுலகுக்கு அழகு சேர்ப்பதன்று. தொடர்ச்சியுள்ள சார்புகளுக்கு இத்தேற்றம் ஏன் பொருந்துகின்றது என்பதற்கு ஐயமற்ற நிறுவல் தந்தவர் பிரெஞ்சுக் கணிதர் கோசி, அது 1823இல்.

இனிக் கடல் கடந்து திரும்பி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலுள்ள மலையாள நாட்டுக்கு வர வேண்டும். ஆண்டுக் கணக்கிலும் நியூட்டனுக்கு முந்நூறு ஆண்டு முன் செல்ல வேண்டும். சங்கமகிராமத்து மாதவர் வாழ்ந்த காலம் ஏறத்தாழ 1340 முதல் 1425 வரை. அவர்தம் கணித நூல்கள் பெரும்பாலும் கிடைத்தில. மாணவர் மரபே அவர் கண்டவற்றைக் காத்தது. அம்மரபில் வந்த ஜேஷ்டதேவர் 1530ஐ ஒட்டி மலையாள உரைநடையில் 'யுக்திபாஷை' என்னும் நூலை இயற்றினார். முடிவுகளைச் செய்யுளில் கூறி நிறுத்துவதே அக்கால வழக்கம். இவரோ ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தை மக்கள் மொழியில், படிப்படியாக, கேட்போன் எதிரில் அமர்ந்திருப்பதுபோல் விளக்கினார். இந்தியக் கணித நூல்களில் இத்தகையது அரிது.

அந்நூல் வட்டத்தின் சுற்றளவைக் காணும் முறை தொகையிடலின் தூய வடிவம். வட்டத்தைச் சுற்றிச் சதுரம் ஒன்று வரைக. சதுரப் பக்கத்தின் நடுவிலிருந்து மூலை வரையுள்ள கோடு வட்டத்தின் ஆரத்துக்குச் சமம். அதற்கு எதிரே வட்டத்தின் எட்டில் ஒரு பங்கு வில் அமைகிறது. அக்கோட்டைப் பல நூறு சம துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் முனைக்கும் மையத்திலிருந்து கோடிழுத்தால், வில்லும் அத்தனை சிறு வில்களாக வெட்டுப்படும். ஆரத்தை 1 எனக் கொண்டால், நடுவிலிருந்து ஒரு துண்டு இருக்கும் தொலைவின் இருபடியுடன் 1ஐக் கூட்டி, வரும் எண்ணால் துண்டின் நீளத்தை வகுத்தால் கிடைப்பதே அச்சிறு வில்லின் நீளம். துண்டுகள் நுணுக நுணுக இக்கூற்று மெய்யை நெருங்கும். அந்த வகுத்தலை முடிவிலாத் தொடராக விரித்து, இருபடிகளைத் தனியே, நாற்படிகளைத் தனியே, ஆறுபடிகளைத் தனியே கூட்டவேண்டும். எண்கள் மிகப் பெருகும்போது இருபடிகளின் கூட்டல் முப்படியில் மூன்றில் ஒன்றாகவும், நாற்படிகளின் கூட்டல் ஐம்படியில் ஐந்தில் ஒன்றாகவும் நெருங்கும் என்பதை யுக்திபாஷை ஒவ்வொரு படியாக ஏறி நிறுவுகின்றது. முடிவில் கிடைப்பது: 1இலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து, இவ்வாறே முடிவின்றிச் சென்றால் கிடைப்பது 'பை' எனப்படும் எண்ணின் நாலில் ஒரு பங்கு.

இத்தொடர் ஆமை நடையுடையது. ஆயிரம் உறுப்புகளைக் கூட்டினாலும் பையின் மூன்றாம் தசம இடமே ஐயத்துக்கு உரியதாய் நிற்கும். மாதவர் மரபினர் அதனை அறிந்து, எங்கே நிறுத்தினாலும் எஞ்சுவதை ஏறத்தாழ ஈடுசெய்யும் திருத்த உறுப்பு ஒன்றைச் சேர்த்தனர். மாதவர் கண்ட மதிப்பின்படி, விட்டம் 90,000 கோடியாயின் சுற்றளவு 2,82,743 கோடியே 33 இலட்சத்து 88 ஆயிரத்து 233. பத்துத் தசம இடங்களுக்கும் மேலாகச் சரியான மதிப்பு இது. இந்தப் பேரெண் செய்யுளில் ஏறியுள்ள முறை கவிஞர்க்குச் சுவை தரும். தேவர் என்றால் 33, கண் என்றால் 2, யானை என்றால் 8, தீ என்றால் 3, வேதம் என்றால் 4, விண்மீன் என்றால் 27 என்று பொருள் கொண்டு, சொற்களை இறுதியிலிருந்து முன்னோக்கி வாசித்தால் எண் வந்து நிற்கும். யாப்புக்குள் பதின்மூன்று இலக்கங்கள் பிழையின்றி அடங்கியிருப்பதை நோக்க, மனப்பாடம் என்பது அறிவுக்குப் பகை என்று பேசுவோர் சற்று நிதானிக்கலாம்.

மூன்று நூற்றாண்டுகளின் பின் கிரெகரியும் லைப்னிட்ஸும் இதே தொடரை மேற்கில் கண்டனர். கிரெகரி 1671இல், லைப்னிட்ஸ் 1673-74இல். ஆனால் அங்கு வளர்ந்துவந்த கருவி வேறு. தொடுகோட்டின் நீளத்தைச் சொன்னால் அதற்குரிய வில்லின் நீளத்தைத் தரும் ஒரு சார்பு உண்டு. அதனை வில் சார்பு எனலாம். 1ஐயும் இருபடியையும் கூட்டி 1ஐ வகுத்துப் பெற்ற அளவே வில் சார்பின் மாறுவீதம். எனவே வில் சார்பே அங்குப் பேரேடு. 1 என்னுமிடத்தில் அதன் இருப்பு பையின் நாலில் ஒன்று. 0 என்னுமிடத்தில் இருப்பு 0. கழித்தல் ஒன்றே வேலை. தொடராக விரிக்கும்போதும் ஒவ்வொரு படிக்கும் தனித் தனியாகக் கூட்டல் நிறுவத் தேவையில்லை. வகையிடலைத் திருப்பிப் போட்டால் மூன்றில் ஒன்றும் ஐந்தில் ஒன்றும் தாமே வந்து விழும். ஒரு குறிப்பை இங்குச் சேர்த்தல் தகும். எதிர்வகையீடு விடைக்குப் பெயர் தருகின்றது; எண் தருவதில்லை. பையின் நாலில் ஒன்று என்று சொல்லிவிட்ட பிறகும் அது எத்தனை தசமம் என்றறிய ஏதேனும் ஒரு தொடரிடம்தான் சென்று நிற்க வேண்டும்.

'நுண்கணிதம் கேரளத்திலேயே பிறந்துவிட்டது' என்று மேடைகளில் முழங்குவோர் உளர். 'அது வெறும் கைக்கணக்கு' என்று தள்ளுவோரும் உளர். இரண்டும் பொருந்தா. துண்டாக்கிக் கூட்டி எல்லையை நோக்கிச் செல்லும் தொகையிடல் கேரளத்தில் முழு உருவில் இருந்தது, நிறுவலும் இருந்தது. கிடைத்துள்ள நூல்களில் இல்லாதது, தொகையும் வகையும் எந்தச் சார்புக்கும் எதிர்முகமானவை என்ற பொதுக் கருத்து. வட்டம், கோளம், சைன் எனப்படும் அரைநாண் ஆகியவற்றுக்கு வேண்டிய தொகைகளை அவர்கள் ஒவ்வொன்றாக வென்றனர். குறிப்பேட்டைக் கூட்டுவதில் அவர்களுக்கு இணையில்லை. எல்லாக் கடைக்கும் ஒரு பேரேடு உண்டு என்ற நினைப்பு அங்கு எழவில்லை. இவ்வளவும் சொன்னால் மாதவரின் பெருமை குறையாது.

பேரேடு உண்டு என்ற நம்பிக்கையும் அளவோடு இருக்க வேண்டியதே. 1830களில் லியுவில் என்னும் பிரெஞ்சுக் கணிதர் ஒரு தடையைக் காட்டினார். மிக எளிய தோற்றமுள்ள சில சார்புகளின் எதிர்வகையீட்டை நாம் அறிந்த சார்புகளைக் கொண்டு முடிவுள்ள சொற்களில் எழுதவே இயலாது. புள்ளியியலில் மணி போன்ற வடிவில் வரையப்படும் வளைவு அவற்றுள் ஒன்று. அதற்கு இருப்பு இல்லை என்பதன்று. அவ்விருப்பை எழுதப் பழைய எழுத்துகள் போதா என்பதே செய்தி. ஆனால் அம்மணி வடிவத்தின் முழுப் பரப்போ பையின் இருபடி மூலமாக அழகாய் வந்து நிற்கின்றது. அதாவது பேரேடு எழுத முடியாத கடையிலும் மொத்த வரவு தெரிந்துவிடலாம். இங்கேதான் கும்பகோணத்து இளைஞர் ஒருவர் உள்ளே நுழைகின்றார்.

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன் பள்ளி இறுதிப் பருவத்தில் கார் என்பவரின் கணித முடிவுத் தொகுப்பைப் பெற்றார். பல ஆயிரம் முடிவுகளைச் சுருக்கமாக வரிசைப்படுத்திய நூல் அது. நிறுவல் பெரும்பாலும் குறிப்பளவே. தொகை நுண்கணிதமும் அதில் உண்டு. தேர்வு எழுதுவோர்க்கான அக்கையேட்டைக் கொண்டே அவர் தம் உலகைக் கட்டினார். 1913 ஜனவரி 16 நாளிட்ட கடிதத்தில் அவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதியனுப்பிய முடிவுகளுள் வரையறுத்த தொகையீடுகள் பல. ஹார்டி அத்துறையில் தேர்ந்தவர். அவற்றுள் சிலவற்றை எளிதில் நிறுவிவிடலாம் என்று அவர் தொடங்கினார், நிறுவவும் செய்தார், எதிர்பார்த்ததைவிட மிகுதியாக உழைக்க நேர்ந்தது என்று பின்னர் அவரே எழுதினார்.

அவ்வாண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்குத் திங்கள்தோறும் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும் என்பது கட்டளை. 1913 ஆகஸ்டு தொடங்கி 1914 மார்ச்சு மாதத்துக்குள் அவர் மூன்று அறிக்கைகள் தந்தார். மூன்றின் நடுப்பொருளும் வரையறுத்த தொகையீடே. பின்னாளில் 'ராமானுஜனின் தலைமைத் தேற்றம்' எனப் பெயர் பெற்ற முறையை அவற்றில் விளக்கியுள்ளார். மூல அறிக்கைகள் காணாமற் போயின. 1925இல் எழுதப்பட்ட படி ஒன்றின் வாயிலாகவே அவை பிழைத்தன. அமெரிக்கக் கணிதர் புரூஸ் பெர்ன்ட் 1980களில் அவற்றை விரிவாக ஆராய்ந்து வெளிக்கொணர்ந்தார்.

அத்தேற்றத்தில் எதிர்வகையீடு தேடப்படுவதே இல்லை. ஒரு சார்பைக் குறி மாறிமாறி வரும் முடிவிலாத் தொடராக எழுதுக. அதன் கெழுக்கள் 0, 1, 2, 3 என்னும் இடங்களில் ஏதேனும் ஒரு விதிப்படி அமைந்திருக்கும். அந்த விதியை 0க்கு அப்பால் எதிர்மறை எண்களுக்கும் பின்னங்களுக்கும் நீட்டி, அங்கே கெழு என்னவாகும் எனக் காண்க. அதனைக் காமா சார்பின் உரிய மதிப்பால் பெருக்கினால், 0 முதல் முடிவிலி வரையிலான தொகையீடு வந்துவிடும். கணக்கேட்டு மொழியில் சொன்னால், ராமானுஜன் குறிப்பைக் கூட்டவுமில்லை, பேரேட்டைத் தேடவுமில்லை. கணக்குத் தொடங்கிய நாளுக்கு முந்தைய பக்கத்தை, எழுதப்படாத அந்த ஏட்டை, வாசித்துவிட்டார். இதனை ஒத்த சூத்திரம் ஒன்றை ஆங்கிலேயக் கணிதர் கிளெய்ஷர் 1874இல் வெளியிட்டிருந்தார். அதனை இந்த அளவுக்குப் பயன்கொண்டவர் ராமானுஜனே.

எழுதப்படாத பக்கத்தை வாசிப்பதில் இடர் உண்டு. முழு எண்கள் எல்லாவற்றிலும் 0 ஆகி, இடையே மட்டும் ஏறி இறங்கும் ஓர் அலையைக் கெழுவின் விதியோடு கூட்டினால், தொடர் சிறிதும் மாறாது. பின்னத்தில் அவ்விதி தரும் மதிப்போ மாறிவிடும். தொகையீட்டுக்கு இரண்டு விடை கிடைக்கும். எந்த விதியை நீட்டுவது? ராமானுஜன் எழுதிய காரணம் இக்கேள்விக்கு விடை தருவதன்று. விதி எவ்வளவு கட்டுப்பாட்டுடன் வளரவேண்டும் என்பதைச் சிக்கலெண் சார்புக் கோட்பாட்டைக் கொண்டு ஹார்டி பின்னர் வரையறுத்தார். 1940இல் வெளிவந்த தம் ராமானுஜன் சொற்பொழிவு நூலில் வரையறுத்த தொகையீட்டுக்குத் தனி இயலே வகுத்தார். நிறுவல் இன்றியே ராமானுஜன் பிழையான பக்கத்தை அரிதாகவே திறந்தார் என்பது வியப்புக்குரியது. அதனைத் தெய்வச் செயல் என்று ஒதுக்கினால் அவர் இரவுபகலாய்ச் சிலேட்டில் போட்ட கணக்குகளுக்கு நீதி செய்ததாகாது.

மாதவரின் தொடரோடு நெருங்கிய உறவுள்ள மற்றொன்றையும் அவர் தொட்டார். வில் சார்பைத் தொலைவால் வகுத்து 0 முதல் 1 வரை தொகையிட்டால், மாதவரின் தொடரில் 3, 5, 7 நின்ற இடங்களில் அவற்றின் இருபடிகளான 9, 25, 49 வந்து நிற்கும். இதன் எதிர்வகையீட்டைத் தெரிந்த சார்புகளில் எழுத முடியாது. இதனைப் பற்றி ராமானுஜன் 1915இல் இந்தியக் கணிதக் கழக இதழில் கட்டுரை வரைந்தார். திறவாத கதவை அவர் உடைக்க முயலவில்லை. 1 என்னுமிடத்து மதிப்பின் இரு மடங்கு, 2இலிருந்து 3இன் இருபடி மூலத்தைக் கழித்த இடத்து மதிப்பின் மூன்று மடங்குடன் பையும் மடக்கையும் சேர்ந்த ஓர் உறுப்பைக் கூட்டியதற்குச் சமம் என்று காட்டினார். அந்த இரண்டாவது இடம் ஏறத்தாழ 0.268. அங்கே தொடர் விரைந்து ஒடுங்கும். நான்கைந்து உறுப்பிலேயே பல தசமம் கிடைத்துவிடும். ஆமையின் சுமையை முயலின் முதுகில் ஏற்றிய வித்தை அது. மாதவரின் திருத்த உறுப்பும் இதே நோக்கத்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ராமானுஜன் 1920 ஏப்ரல் 26இல் மறைந்தார். அவர் பெயரால் தமிழகத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் எழ முப்பதாண்டு ஆயிற்று. எழுப்பியவர் டாக்டர் இராம. அழகப்பச் செட்டியார். 1909 ஏப்ரல் 6இல் கோட்டையூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றவர். இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று, விமானம் ஓட்டவும் கற்றுத் திரும்பியவர். காரைக்குடியில் அவர் 1947இல் தொடங்கிய கல்லூரியும், 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையமும் இவ்வூரார் அறியாதன அல்ல. நேரு 1948 ஜூலையில் கால்கோளிட்ட அந்நிலையம் 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழாய்வுக்கு அவர் வழங்கிய கொடையும் இலக்கிய உலகம் நன்றியுடன் நினைப்பது. இவற்றின் பேரொளியில் சென்னையில் அவர் ஏற்றிய சிறு விளக்கு மறைந்துபோயிற்று. 1950 ஜனவரி 26, இந்தியா குடியரசான அதே நாளில், ராமானுஜன் கணித நிலையம் அவர் செலவில் தொடங்கப்பெற்றது.

கல்லூரி கட்டினால் மாணவர் கூட்டம் தெரியும். ஆய்வுக்கூடம் கட்டினால் கருவிகள் தெரியும். தூய கணித நிலையத்தில் காட்டத்தக்கது ஒன்றுமில்லை. சில நாற்காலிகளும் ஒரு கரும்பலகையும் இதழ்க் கட்டுகளுமே. வட்டி கணக்கிடத் தெரிந்த சமூகத்தில் பிறந்த ஒருவர், எக்காலத்தும் வட்டி தாராத இந்த முதலீட்டைச் செய்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

முதல் இயக்குநராய் அமர்ந்தவர் திருக்கண்ணபுரம் விஜயராகவன். ராமானுஜன் மறைந்து ஐந்தாண்டு கழித்து ஆக்ஸ்ஃபோர்டு சென்று அதே ஹார்டியிடம் பயின்றவர். ராமானுஜன் 1911இல் கேள்வியாய் விடுத்த, மூலத்துக்குள் மூலமாய் முடிவின்றிச் செல்லும் கோவை எப்போது எல்லையை அடையும் என்பதற்குச் செம்மையான விதி கண்டவர் இவர். 1955 ஏப்ரலில் அவர் காலமானார். அடுத்து இயக்குநரானவர் சி.டி.ராஜகோபால். இருபதாண்டு சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்து, 1951இல் நிலையத்துக்கு வந்தவர்.

நிலையத்தின் நிலை அப்போது நன்றாயில்லை. செட்டியாரின் செல்வம் கொடையாலும் வணிக நலிவாலும் தேய்ந்திருந்தது, உடல்நலமும் குன்றியிருந்தது. கதவடைக்கும் நிலை நெருங்கியபோது, அமெரிக்காவிலிருந்த வானியற்பியலறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் பிரதமர் நேருவுக்கு எழுதினார். ராமானுஜனின் புகழே தம்மை அறிவியலில் செலுத்திய முதல் விசை என்று சொல்லிவந்தவர் அவர். அவ்வேண்டுகோள் வீணாகவில்லை. 1957 ஏப்ரல் 5இல், நாற்பத்தெட்டாம் பிறந்த நாளுக்கு ஒரு நாள் முன், அழகப்பர் மறைந்தார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் நிலையத்தை ஏற்றுக்கொண்டது. 1967இல் பல்கலைக்கழகக் கணிதத் துறையுடன் இணைந்து அது ராமானுஜன் உயர் கணித ஆய்வு நிலையமாயிற்று. ஹார்டிக்குக் கடிதம் எழுதிய துறைமுகக் குமாஸ்தாவுக்கு 75 ரூபாய் ஈந்த பல்கலைக்கழகம், நாற்பத்து நான்கு ஆண்டு கழித்து அவர் பெயர் தாங்கிய மனையையும் தன் பொறுப்பில் கொண்டது.

மாதவர் அம்மனைக்குள் வந்தது ராஜகோபாலால். ஆலப்புழையில் பிறந்த அவர், தம் துறையாகிய முடிவிலாத் தொடர்க் கோட்பாட்டில் நின்றே கேரளச் சுவடிகளை வாசித்தவர். கீழை நாட்டு முடிவுகளைக் குறித்துச் சென்னை மாகாண ஆங்கில அதிகாரி சார்லஸ் விஷ் 1830களிலேயே கட்டுரை எழுதியிருந்தார். உலகம் காது கொடுக்கவில்லை. முகுந்த மாரார் என்பவருடன் சேர்ந்து ராஜகோபால் 1944இல் வெளியிட்ட கட்டுரை, யுக்திபாஷையின் வட்டக் கணக்கை இன்றைய கணித மொழியில் எடுத்து நிறுத்தியது. 1948இல் திருச்சூரில் யுக்திபாஷையின் கணிதப் பகுதி குறிப்புரையுடன் அச்சேறியது. மாதவர் மரபினர் கண்டது தற்செயலான ஊகம் அன்று, நிறுவலோடு கூடிய முடிவு என்பதை அவர் தொடர்ந்து காட்டிவந்தார். மிகைக்கூற்று அவர் எழுத்தில் இல்லை. எந்த வரி சுவடியில் உள்ளது, எது பின்னையோர் ஏற்றியது என்று பிரித்தே எழுதினார். யுக்திபாஷை முழுவதும் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 2008இல் வெளிவந்தபோது, அவர் விட்ட இடத்திலிருந்து ஆய்வாளர் தொடர வழி பிறந்தது.

பணி ஓய்வுக்குப் பிறகும் அவர் சுவடிகளை விடவில்லை. எம்.எஸ்.ரங்காச்சாரியுடன் எழுதிய கட்டுரை ஒன்று, அதுவரை எவரும் தொடாத கேரள மூலமொன்றை ஆய்ந்து, கணித வரலாற்றுக்கான ஐரோப்பிய இதழில் 1978இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ராஜகோபால் காலமானார். அதன் தொடர்ச்சியான இரண்டாம் கட்டுரை 1986இல் அதே இதழில் அச்சாயிற்று. தலைப்பின் கீழ் இருவர் பெயரும் இருந்தன.